அலையும் மயக்கமும்

விசுவமடுவிற் பிறந்து வளர்ந்தவருக்குத் தண்ணீர் என்றால் குளத்துத் தண்ணீர்தான். பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் பெருந்தெருவின் இடைவழியில், காட்டையும் வயலையும் மேட்டுநிலத் தோட்டங்களையும் எல்லையாகக் கொண்டு கிடக்கிறது அவ்வூர். படித்தும் வேலையற்றிருந்த இளைஞருக்குக் காணி வழங்கிக் குடியேற்றும் திட்டங்கள் 1960களின் பிற்பகுதியில் வன்னியிலே தொடங்கியபோது, விசுவமடுவும் அவற்றுள் ஒன்றாயிற்று. குடாநாட்டிலிருந்து வந்த அவ்விளைஞர் மிளகாயும் வெங்காயமும் விளைவித்தனர். 1977ஆம் ஆண்டு வன்செயலின் பின் மலையகத்திலிருந்து வேரறுந்து வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவும் வன்னி மண்ணிற் கூலிக்கு உழைத்து ஊன்றிக்கொண்டன. இவ்விரு சாராரின் பேரப்பிள்ளைகளே இன்று நம் வகுப்பறையில் அருகருகே அமர்ந்திருப்பவர்கள். குளத்தின் அலைகரையிலே துள்ளி, துருசு வாய்க்காலிலே மூழ்கி, அவர்கள் தாமாகவே நீந்தக் கற்றுக்கொள்கிறார்கள். கடலோ கிழக்கே சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில்தான் இருக்கிறது. ஆயினும் அது அவர்களுக்கு வேற்றுநாடு.

அந்தக் கடலில் நீந்தப் புகுந்த நம் மாணவர் சிலருக்கு நேர்ந்த ஒரு சிறுமையைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகிறோம். சுருங்கச் சொன்னால், அவர்கள் நீந்திக்கொண்டிருக்கையில் சத்தி எடுத்தார்கள். இலக்கியச் சஞ்சிகையிலே சத்தியைப் பற்றி எழுதுவதா என்று முகஞ்சுளிப்போர் இருக்கக்கூடும். மனிதனுடைய உடம்பு படும்பாட்டைத் தள்ளிவிட்டு மனிதனைப் பற்றி எழுதுவது எங்ஙனம் என்பதே அவர்களுக்கு நாம் கூறும் விடை.

2024ஆம் ஆண்டு பங்குனி மாதம். பாடசாலை மாணவருக்கெனக் கரையோரமாக 2 கிலோமீற்றர் கடல்நீச்சற் போட்டியொன்று நடைபெறுவதாக அறிந்து, நால்வரை அழைத்துச் சென்றோம். இருவர் ஆண்பிள்ளைகள், இருவர் பெண்பிள்ளைகள். குளத்தில் 3 கிலோமீற்றர் நிற்காமல் நீந்த வல்லவர்கள் அவர்கள். கால் மணி நேரம் கழியுமுன்னரே மூவர் அலையிடையே தலையைத் தூக்கி ஓங்காளித்தனர். துணைப்படகு அவர்களை ஒவ்வொருவராக ஏற்றியது. படகில் ஏறிய பின்பு நிலைமை இன்னும் மோசமாயிற்று. கரையிலே ஒலிபெருக்கி பிடித்திருந்த பொறுப்பாளர் ஒருவர், திறமை மட்டும் போதாது, மனத்திடமும் வேண்டும் என்று கூட்டத்துக்கு அறிவித்தார். காட்டுப்புறத்துப் பிள்ளைகளுக்குக் கடல் எதற்கு என்று வேறொருவர் கூறியது ஒலிபெருக்கியின்றியே நம் காதில் விழுந்தது.

அம்மூவருள் ஒருவன் உயர்தர வகுப்பு மாணவன், பதினேழு வயது. திரும்பும் வழியெல்லாம் அவன் பஸ்ஸின் கடைசி இருக்கையில் வாய்திறவாது இருந்தான். மறுவாரம் குளத்துக்கும் வரவில்லை. வினவியபோது, "நான் பயந்தாங்கொள்ளி எண்டு தெரிஞ்சுபோச்சுத்தானே சேர்" என்றான். கணக்கிலே பிழைவிட்டால் திருத்திக் கொடுக்க நமக்குத் தெரியும். இந்தப் பிழை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியவில்லை. பிழை அவனிடத்தில் இல்லை என்று உள்ளம் சொல்லிற்று. அதை நிறுவுவதற்கு நம்மிடம் சான்று எதுவும் இருக்கவில்லை.

ஆதலால் அடுத்த ஞாயிறு தனியே முல்லைத்தீவுக்குச் சென்று நாமே கடலில் இறங்கினோம். முதல் 200 மீற்றர் செம்மையாகவே கழிந்தது. அதன்பின் அலை நம்மை ஏற்றி இறக்கத் தொடங்கிற்று. நீச்சற்கண்ணாடியின் வழியே கீழே நோக்கினால் கலங்கிய பச்சை நிறமன்றி வேறெதுவும் புலப்படவில்லை. மேல் எது, கீழ் எது என்பதற்கு அடையாளமே இல்லை. மூச்சுக்காகத் தலையைத் திருப்பும்போதெல்லாம் வானம் ஒரு புறமாகச் சரிந்தது. முதலில் கொட்டாவி வந்தது. தண்ணீரின் நடுவே கொட்டாவி விடுவது விந்தையாக இருந்தது. பின்னர் வாயில் உமிழ்நீர் ஊறிற்று. அதன்பின் வந்ததுதான் நாம் எதிர்பாராதது: ஒருவித அலட்சியம். கரை சேர்ந்தாலும் ஒன்று, சேராவிட்டாலும் ஒன்று என்ற சோர்வு. கை தானாகத் தளர்ந்தது. அச்சம் கடுகளவும் இல்லை. அச்சப்படுவதற்கு வேண்டிய ஊக்கமே இல்லை. இறுதியிற் காலை உண்ட இடியப்பம் முழுவதும் வங்கக் கடலுக்குக் காணிக்கையாயிற்று.

அங்கே வாடியடியில் வலை பொத்திக்கொண்டிருந்த முதிய கடற்றொழிலாளி ஒருவர் நம்மைக் கவனித்திருக்கிறார். ஊரார் அவரைப் பெரியண்ணை என்பர். நாம் தள்ளாடிக் கரையேறியபோது எழுந்து வந்து, பிளேன்டீயும் ஒரு துண்டு பனங்கட்டியும் தந்தார். சிரிக்கவில்லை. நாம் யார், எதற்காக வந்தோம் என்பதைக் கேட்டறிந்த பின்பு, "சேர், தண்ணியைப் பாத்துக்கொண்டிருந்தா தலை சுத்தத்தான் செய்யும். கரையைப் பாருங்கோ. அந்த ஒத்தைப் பனையைப் பாருங்கோ. கண்ணுக்கு ஒரு பிடி வேணும்" என்றார். தாமும் பதினான்கு வயதில் முதன்முறை வள்ளம் ஏறியபோது மூன்று நாள் சத்தி எடுத்ததாகச் சொன்னார். "கடல் எல்லாரையும் ஒருக்கா விசாரிக்கும், சேர்" என்பது அவர் கூற்று.

ஊர் திரும்பிய பின்பு நூல்களைப் புரட்டினோம். பெரியண்ணை ஒரு வாக்கியத்தில் சொன்னதை விஞ்ஞானம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வந்திருக்கிறது. நம் உட்காதிலே மூன்று அரைவட்டக் குழாய்கள் உள்ளன. அவற்றினுள் இருக்கும் திரவம் தலை சுழல்வதை உணர்த்துகிறது. அவற்றை அடுத்துள்ள நுண்ணிய சுண்ணாம்புத் துணிக்கைகள் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் உணர்த்துகின்றன. கண் ஒரு செய்தியையும், காது வேறொரு செய்தியையும், தசைகள் பிறிதொரு செய்தியையும் மூளைக்கு அனுப்பும்போது, அச்செய்திகள் ஒன்றோடொன்று முரண்பட்டால், முன்னனுபவத்தால் மூளை எதிர்பார்த்ததோடும் முரண்பட்டால், குமட்டல் பிறக்கிறது. 1975ஆம் ஆண்டில் றீசன், பிரான்ட் என்னும் இரு பிரித்தானிய ஆய்வாளர் தம் நூலிலே இக்கொள்கையை விரிவாக வகுத்துரைத்தனர். சுமார் ஐந்து வினாடிக்கொருமுறை ஏறி இறங்கும் மெதுவான அசைவே மிகவும் குமட்ட வல்லது என்பதும் ஆய்விற் கண்டது. கடலலைக்கு இது மிகவும் இயல்பான தாளமன்றோ?

இதற்கும் முன்னர், 1882ஆம் ஆண்டிலே அமெரிக்க உளவியலறிஞர் வில்லியம் ஜேம்ஸ் ஓர் அரிய உண்மையைக் கவனித்தார். செவிப்புலனற்றோரிற் பலருக்கு, எவ்வளவு சுழற்றினாலும் தலைசுற்றுவதில்லை. உட்காதின் சமநிலை உறுப்பு செயலற்றுப் போனவருக்குக் கடல் மயக்கமும் வருவதில்லை. அப்படியாயின் கொந்தளிக்கும் கடலில் மயக்கமுறுபவன் குறைபாடுடையவன் அல்லன். அவனது உறுப்புகள் யாவும் ஒழுங்காக வேலை செய்கின்றன. கொட்டாவியும் சோர்வும் அலட்சியமும் அம்மயக்கத்தின் அறிகுறிகள் என்றே மருத்துவர் கூறுகின்றனர். ஒலிபெருக்கி மனத்திடமின்மை என்று எதனைப் பறைசாற்றியதோ, அது காய்ச்சற்காரனின் உடம்புச் சூட்டைப் போன்றதோர் அறிகுறியே. காய்ச்சற்காரனை நோக்கி, உனக்குக் குளிர்மை போதாது என்று யாரும் ஏசுவதில்லை.

நீந்துபவனுக்கு வேறொரு தொல்லையும் உண்டு. வியன்னா நகரத்துக் காது மருத்துவர் றொபேட் பாராணி என்பவர், நோயாளரின் காதைக் கழுவும்போது நீர் உடற்சூட்டினும் குளிர்ந்ததாக இருந்தாலும் வெம்மையானதாக இருந்தாலும் அவர்களுக்குத் தலைசுற்றுவதைக் கண்டார். குளிர்நீர் ஒரு காதில் மட்டும் புகுந்தால் அப்பக்கத்துக் குழாயிலுள்ள திரவம் குளிர்ந்து நகர்கிறது. தலை அசையாதிருக்கையிலேயே அது சுழல்வதாக மூளை மயங்குகிறது. இவ்வாராய்ச்சிக்கென 1914ஆம் ஆண்டுக்குரிய மருத்துவ நோபல் பரிசு அவருக்கு வழங்கப்பட்டபோது, அவர் ருசியாவிலே போர்க்கைதிகள் முகாமில் இருந்தார். முகாம் என்ற சொல்லை நம் ஊராருக்கு விளக்கவேண்டியதில்லை. ஒரே பக்கமாகத் தலையைத் திருப்பி மூச்சுவிட்டு, ஒரே காதுக்குள் நீரை வாங்கிக்கொண்ட நம் மாணவர்களின் நிலையை அம்முகாம்வாசியின் கண்டுபிடிப்பு நமக்கு விளக்கிற்று.

இவை யாவற்றினும் நம்மை நெடுநேரம் சிந்திக்கச் செய்தது வேறோர் உண்மை. மலைப்பாதையில் ஓடும் பஸ்ஸிலே பயணி சத்தி எடுக்கிறான், சாரதி எடுப்பதில்லை. பாதை ஒன்று, வளைவு ஒன்று, குலுக்கமும் ஒன்று. ஆனால் அடுத்த வளைவு எப்போது வரும் என்பது சாரதிக்குத் தெரியும். அவன் கைதான் அதைத் திருப்புகிறது. அவன் உடம்பு அசைவுக்கு முன்னரே ஆயத்தமாகி விடுகிறது. பயணியோ தனக்குத் தெரியாமல், தன்னைக் கேளாமல் வரும் அசைவுக்குப் பின்னாலே இழுபடுகிறான். ஆகவே மயக்குவது அசைவு மாத்திரம் அன்று. நம் கையில் இல்லாத அசைவே பெரிதும் மயக்குகிறது.

இதனை அம்மாணவனுக்கு எடுத்துச் சொல்ல அவன் வீட்டுக்குச் சென்றபோதுதான், தடை அவனிடத்தில் மட்டும் இல்லை என்பது தெரிந்தது. தாயார் மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். நாம் சொன்னவற்றைப் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "குளத்திலை எவ்வளவும் நீந்தட்டும் சேர். அந்தக் கடலுக்கு மட்டும் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ" என்றார்.

2009ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் விசுவமடு படையினர் வசமாயிற்று. ஊர்மக்கள் அதற்கு முன்னரே இதே பெருந்தெரு வழியாகக் கிழக்கே கிழக்கே என்று துரத்தப்பட்டு, ஈற்றிற் கடற்கரையை அடைந்திருந்தனர். அதற்கப்பால் ஓட நிலம் இருக்கவில்லை. பெப்ருவரி 10ஆம் நாள் தொடக்கம் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு புதுமாத்தளன் கரையிலிருந்து காயமுற்றோரையும் நோயாளரையும் கப்பலிலே திருகோணமலைப் பக்கம் கொண்டுசெல்லத் தொடங்கியது. கப்பல் கரையை அணுக முடியாது; மீன்பிடிப் படகுகளே அவர்களைக் கரையிலிருந்து ஏற்றிச்சென்று கப்பலிற் சேர்த்தன. அந்நாட்களில் ஒரு நாள், காயப்பட்ட தகப்பனாருக்குத் துணையாக, கைக்குழந்தையோடு ஏறிப் போனவர் இத்தாயார். அந்தக் கைக்குழந்தைதான் இன்று நம் மாணவன். கடலில் அவர் சென்ற முதற் பயணமும் இறுதிப் பயணமும் அதுவே. "வழியெல்லாம் சத்தி, சேர். புகை மணமும் மருந்து மணமும். எங்கை போறம், எப்ப போய்ச் சேருவம் எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. இப்பவும் பஸ்ஸிலை ஏறினா அந்த மணம்தான்" என்றார். பஸ் ஏறும்போதெல்லாம் அவர் கைக்குள் ஒரு தேசிக்காயைப் பொத்திக்கொண்டு முகர்வதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். அதன் வரலாறு அன்றே தெரிந்தது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை முல்லைத்தீவுக் கரையை வாரிச் சென்றது. ஐந்தாண்டுகள் நிறையுமுன்னரே போர் அதே கரையில் வந்து முடிந்தது. இவ்விரண்டையும் கண்டவர்க்கு, கடலுக்குப் பிள்ளையை அனுப்ப மறுப்பது அறியாமை என்று எந்தப் பகுத்தறிவாளன் கூறுவான்? நாம் அவரோடு வாதிடவில்லை. ஒன்றைமட்டும் கேட்டோம்: அந்தக் கடலை அவன் இன்னொருவர் படகிற் கிடந்து காண்பதா, தன் கையால் நீந்திக் காண்பதா? அவர் விடை சொல்லவில்லை. இரண்டு கிழமை கழித்து மகனை அனுப்பினார்.

அதன்பின் நடந்த பயிற்சியை விரித்துரைப்பது பிற ஆசிரியருக்கும் மாணவருக்கும் பயன்படும். முதல் மூன்று ஞாயிறுகளில் நீந்தவே இல்லை. இடுப்பளவு நீரில் நின்றோம். பின்பு கழுத்தளவு நீரில். பெரியண்ணை அருகில் நின்று, "அலை வந்தாப் பிறகு எழும்பிறதில்லை, வர முதலே உடம்பு எழும்ப வேணும்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பஸ் சாரதியின் வித்தை இதுவேயன்றோ என்று நாம் எண்ணிக்கொண்டோம். நான்காம் ஞாயிறு 200 மீற்றர். மயக்கத்தின் முதற் குறியாகிய கொட்டாவி வந்தவுடன் கரைக்குத் திரும்பவேண்டும் என்பது விதி. கொட்டாவியை மறைப்பவருக்கு அன்று நீச்சல் இல்லை. சத்தியை வீரத்தால் அடக்கப் பார்ப்பவர்களுக்கெனப் பெரியண்ணை வேறொரு விதி வைத்திருந்தார்: "சத்தி வந்தா வரட்டும். வாயைக் கொப்பளிச்சுப்போட்டு நீந்துங்கோ. ஏலாட்டிக் கையைத் தூக்குங்கோ. வெக்கத்திலை மறைக்கிறவன்தான் தாண்டு போவான்."

இரு பக்கமும் மாறிமாறி மூச்செடுக்கப் பழக்கினோம். கழுத்தை மட்டும் திருகாமல் தோளும் உடலும் சேர்ந்து புரளவேண்டும். தலை தனியே சுழலும் அளவு குறையக் குறைய மயக்கமும் குறைகிறது. எட்டுப் பத்து வீச்சுக்கொருமுறை கண்ணை உயர்த்தி ஒற்றைப் பனையைப் பார்க்கவேண்டும். காதுக்குள் நீர் புகாதவாறு காதடைப்பான் அணிந்தோம். நால்வருக்குமாக ஒருநாட் கூலியளவு பணம் அதற்குச் செலவாயிற்று. துணைப்படகின் மண்ணெண்ணெய்ப் புகை குமட்டலுக்கு உற்ற துணைவன் என்பதைக் கண்டு, படகு காற்றின் கீழ்ப்பக்கமாகவே வரவேண்டும் என்று ஏற்பாடு செய்தோம். வெறும் வயிறும் ஆகாது, நிறைவயிறும் ஆகாது. இறங்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்னர் இரண்டு துண்டு பாணும் வாழைப்பழமும் போதும். உப்புநீரை விழுங்குவது வயிற்றைப் புரட்டும். இடையிடையே நன்னீரைச் சிறுகச் சிறுக அருந்தவேண்டும். பலமுறை சத்தி எடுத்தவன் உடலில் நீர் வற்றும், சூடும் குறையும். அவனை மேலும் நீந்தவிடுவது கொலைக்கு ஒப்பானது.

இஞ்சித் துண்டு வாயிலிருந்தால் நல்லது என்பது ஊர்வழக்கு. ஆய்வுகள் அதனை முற்றாக ஏற்கவுமில்லை, முற்றாக மறுக்கவுமில்லை. தீங்கு இல்லை என்பதால் தடுக்கவில்லை. மருந்துக்கடையில் விற்கும் பயண மயக்க மாத்திரைகள் பலவும் தூக்கம் வருவிப்பவை. பஸ்ஸில் தூங்குபவன் தரிப்பிடத்தைத் தவறவிடுவான். கடலில் தூங்குபவன் உயிரைத் தவறவிடுவான். வைத்தியரைக் கேளாமல் அவற்றை எவரும் தொடலாகாது என்று கண்டிப்பாகச் சொன்னோம்.

இத்தனைக்கும் மேலான மருந்து பழக்கமே. புதிய அசைவுக்கு மூளை தன்னைத் திருத்தி அமைத்துக்கொள்கிறது. பலருக்குச் சில நாட்கள் தொடர்ந்து கடலில் இருந்தாலே மயக்கம் நீங்குகிறது. நிலத்துக்கு மீண்டு நெடுநாள் கழிந்தால் அப்பழக்கமும் கழிகிறது. இங்கேதான் வறுமை குறுக்கே நின்றது. கரையோரப் பிள்ளை நாள்தோறும் கடலிலே கால் நனைக்கும். நம் பிள்ளை ஞாயிற்றுக்கிழமைக்குப் பஸ் காசு தேடவேண்டும். ஒரு ஞாயிறு பெற்ற பழக்கத்தில் பாதி அடுத்த ஞாயிற்றுக்குள் கரைந்துபோகிறது. பிறப்பிலே அமைந்த தகுதியென்று பேசப்படுபவற்றுள் எத்தனை, பஸ் காசினால் அளக்கப்படும் தகுதிகள்! ஓகஸ்ட் விடுமுறையில் பழைய மாணவர் சிலர் பணம் திரட்டித் தந்தனர். ஆறு நாள் தொடர்ச்சியாக முதற் பஸ்ஸிற் சென்று மாலைப் பஸ்ஸில் திரும்பினோம். ஐந்து மாதத்தில் ஆகாதது அவ்வாறு நாளில் ஆயிற்று.

இடைவேளைகளில் வாடி நிழலிலே அமர்ந்து பழங்கதைகள் பேசுவோம். உலகஞ் சுற்றிய டார்வின், 1831 முதல் 1836 வரை பீகிள் கப்பலில் இருந்த காலமெல்லாம் கடல் மயக்கத்தால் வருந்தினார். பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளபதி நெல்சன் வாழ்நாள் முழுவதும் அதற்கு ஆட்பட்டிருந்தார். இவர்களை எந்த ஒலிபெருக்கியும் கோழைகள் என்று அறிவித்ததில்லை. நம்மவர் கதைகளைத்தான் மாணவர் மிக விரும்பினர். தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954ஆம் ஆண்டில், ஒரு நாளுக்கும் மேலாக நீந்திப் பாக்குநீரிணையைக் கடந்தார். வல்வெட்டித்துறையின் குமார் ஆனந்தன், மக்கள் ஆழிக்குமரன் என்று அன்போடு அழைக்கும் அவ்வீரர், 1971ஆம் ஆண்டில் அதே நீரிணையைத் தமிழகக் கரைவரை நீந்தி, அங்கிருந்து மீண்டும் நீந்தித் திரும்பினார். 51 மணி நேரம். ஆழம் குறைந்த அக்கடலில் அலை நெருக்கமாகவும் குத்தாகவும் எழும். நீந்துபவன் தனியன்போலத் தோன்றினும், பக்கத்திலே படகு வருகிறது. நீரோட்டம் அறிந்தவன் அதிலே திசை சொல்கிறான். உணவு நீட்டுபவனும் நேரங் குறிப்பவனும் உறங்காதிருக்கிறார்கள். தனிமனித சாதனை என்று பதிவேடுகள் எழுதிக்கொள்பவற்றுக்குள் எத்தனை பேருடைய உழைப்பு அடங்கிக் கிடக்கிறது என்பதைப் பிள்ளைகள் தாமாகவே கண்டுகொண்டனர்.

அதே ஆழிக்குமரன் 1984ஆம் ஆண்டு ஓகஸ்ட் 6ஆம் நாள், ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது உயிரிழந்தார். அவருக்கு அப்போது வயது 41. இதனையும் மறைக்காமல் சொன்னோம். கேட்டிருந்தவர்கள் நெடுநேரம் பேசவில்லை. பின்பு பெண்பிள்ளைகளில் ஒருத்தி, "அப்ப கையைத் தூக்கிறதுதான் முதற் பாடம், என்ன சேர்?" என்று கேட்டாள். ஆம் என்றோம். வீரர்களைப் போற்றும் நம் சமுதாயம், திரும்பி வருபவனை மதிக்க இன்னும் கற்றுக்கொள்ளவில்லை. தோற்றுப்போய் உயிரோடு வந்தவனைப் பார்த்து ஒலிபெருக்கியில் நகைப்பவர்கள், அடுத்தமுறை அவன் கையைத் தூக்காமல் விடுவதற்குக் காரணராகிறார்கள்.

நால்வருள் ஒருத்திக்குப் பழக்கம் கைகூடவே இல்லை. ஆறாம் நாளும் முதல் நாளைப் போலவே மயங்கினாள். சிலருடைய உடம்பு அவ்வாறானது. குற்றம் யாரிடத்தும் இல்லை. அவள் தானாகவே முன்வந்து, இனிக் கடலில் நீந்தவில்லை என்று கூறினாள். கூறும்போது தலை குனியவில்லை. கரையில் நின்று ஒவ்வொருவர் வீச்சையும் எண்ணி, யாருடைய கை தளர்கிறது என்பதைப் படகுக்குக் கொடியசைத்துத் தெரிவிப்பது அவள் வேலையாயிற்று. மயக்கம் எவ்வாறு தொடங்கும் என்பதை அவளைவிட நன்கறிந்தவர் நம்மில் இல்லை. ஒரு நாள் அவள் கொடியசைத்துத்தான் நம்மையே படகில் ஏற்றினார்கள்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ளவேண்டும். நிலத்தவர்களாகிய நம்மிடம் கடற்றொழிலாளரைப் பற்றிய ஓர் ஏளனம் தலைமுறை தலைமுறையாக ஒட்டிக்கிடந்தது. மீனை உண்போம், மீன் பிடிப்பவனைத் திண்ணையோடு நிறுத்துவோம். பரந்தன் பெருந்தெருவிலே பள்ளிக்கூடங்கள் பலவற்றைக் கண்டிருக்கிறோம். ஆயினும் காற்றையும் நீரோட்டத்தையும் அலையின் வயதையும் படிக்கத் தெரிந்த ஓர் ஆசானை வாடியடியிலேதான் கண்டோம். நம் பட்டச் சான்றிதழ் அங்கே பயன்படவில்லை. 2009இல் அக்கரையிலிருந்து காயப்பட்டோரைப் படகேற்றியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தபோது, "அப்பவும் நாங்கள்தான் ஏத்தினது" என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் வலையை எடுத்துக்கொண்டார். கடலோர மாவட்டங்களின் பாடசாலைகளிற் கடல்நீச்சல் கற்பிக்கப்படவேண்டும். உள்ளூர்ப் பிள்ளைகளுக்குப் பஸ் காசு கொடுத்துக் கற்பிக்கப்படவேண்டும். கற்பிப்போராகப் பெரியண்ணை போன்ற தொழிலாளர் உரிய ஊதியத்துடன் அமர்த்தப்படவேண்டும். இது நம் கோரிக்கை. பேராசை என்று நாம் கருதவில்லை.

2025ஆம் ஆண்டு, வாடைக்காற்று ஓய்ந்து கடல் இறங்கிய பின்பு, போட்டி எதுவுமின்றி, ஒலிபெருக்கியுமின்றி, நம் மூவர் கரையோரமாக அதே 2 கிலோமீற்றரை நீந்தினர். அம்மாணவன் பாதி வழியில் ஒருமுறை சத்தி எடுத்தான். கையைத் தூக்கிப் படகை அருகழைத்து, வாயைக் கொப்பளித்து, ஒரு மிடறு நீர் அருந்தி, பனையைப் பார்த்து, மீண்டும் நீந்தினான். ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாயிற்று. விரைவென்று சொல்ல முடியாது.

அன்று அவன் தாயாரும் வந்திருந்தார். மகன் இறங்கும்போது கடலுக்கு முதுகுகாட்டி, தாழைப் பற்றையோரம் மணலில் அமர்ந்தார். கையில் தேசிக்காய் இருந்தது. நாம் அவரை அழைக்கவில்லை. கொடி பிடித்திருந்த மாணவி மட்டும் அவ்வப்போது உரத்த குரலில், இன்ன இடத்தில் வருகிறான், கை நன்றாக விழுகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள், "சத்தி எடுக்கிறான் அம்மா, பயமில்லை, கையைத் தூக்கிப்போட்டான்" என்று கூவியபோது, அவர் எழுந்து திரும்பி நின்றார். அவன் கரை சேரும்வரை அப்படியே நின்றார்.